ரசிகனின் நியாயம்

1

இலக்கியம் படிக்கும் மாணவன் ஒருவனின் நாளில் இரண்டு மன்றங்கள் கூடுகின்றன. ஒன்று இரவில், விடுதி அறையில். மற்றது காலையில், வகுப்பறையில். இரண்டிலும் தீர்ப்புக்கு வேலை இருக்கிறது. முதலாவதில் அவனை யாரும் கேட்பதில்லை, ஆனாலும் சொல்கிறான். இரண்டாவதில் அவனைக் கேட்கிறார்கள். அவன் சொல்வதில்லை, ஒப்பிக்கிறான். இடைப்பட்ட சில மணி நேரத்தில் அவனுடைய தீர்ப்பாற்றலுக்கு என்ன நேர்கிறது என்பதே இங்கு விசாரம்.

ஐரோப்பிய கிளப்புகளின் பெரிய ஆட்டங்கள் பலவும் நம் கடிகாரத்தில் நள்ளிரவு தாண்டித்தான் தொடங்குகின்றன. ஒரு கைப்பேசியைப் புத்தக அடுக்கின்மேல் சாய்த்துவைத்து ஐந்தாறு பேர் பார்க்கிறார்கள். தான் ஒருநாளும் போகப்போவதில்லை என்று தெரிந்த ஒரு நகரத்தின் அணிக்காக ஒருவன் நகம் கடித்துக்கொண்டிருக்கிறான். ஆட்டம் முடிந்த பிறகு தர்க்கம். அந்த கோல் ஆஃப்சைடா இல்லையா, பின்களத்தில் நின்றவன் தன் இடத்தை விட்டு ஏன் முன்னே வந்தான், பயிற்சியாளர் மாற்று ஆளைப் பத்து நிமிஷம் முன்பே இறக்கியிருக்கலாமா. படத்தைப் பின்னால் ஓட்டுகிறார்கள், நிறுத்துகிறார்கள், விரலால் காட்டுகிறார்கள். இதே ஆள் போன வருஷம் இதே நிலையில் பந்தை எங்கே அனுப்பினான் என்று ஒருவன் நினைவிலிருந்து சொல்கிறான். இன்னொருவன் மறுக்கிறான், மறுப்பதற்கு இன்னொரு ஆட்டத்தைச் சான்றாகக் கொண்டுவருகிறான். அவதானம், ஒப்பீடு, நினைவு, சான்று, எதிர்ச்சான்று. விமர்சனம் என்று நாம் மரியாதையாகச் சொல்கிற காரியத்தின் உறுப்புகள் அத்தனையும் அந்த அறையில் இருக்கின்றன. அதற்கு மேலும் ஒன்று இருக்கிறது: தன் அணி தோற்றுவிட்டால் அன்றிரவு அவனுக்குத் தூக்கம் வராது.

காலையில் அதே மாணவன் குறுந்தொகைப் பாடலொன்றின் முன் உட்கார்ந்திருக்கிறான். பாடலில் உவமை நயம் சிறந்து விளங்குகிறது. தலைவியின் பிரிவாற்றாமை உள்ளத்தை உருக்கும் வண்ணம் கூறப்பட்டுள்ளது. இயற்கைப் பின்னணி உணர்ச்சிக்கு ஏற்றவாறு அமைந்துள்ளது. இவற்றை எழுதினால் மதிப்பெண் உண்டு. யாருடைய உள்ளம் உருகியது என்ற கேள்வி எழுவதில்லை. எந்த உவமை, எந்த இடத்தில், எதற்காக என்ற கேள்வியும் பெரும்பாலும் எழுவதில்லை. பாடத்திட்டத்துக்குள் வந்துவிட்ட கவிதை எல்லாம் சிறந்த கவிதை. அது ஜெயித்த பிறகுதான் வகுப்புக்கே வருகிறது. தோற்க வாய்ப்பில்லாத ஒன்றின் முன் தீர்ப்புக்கு வேலை ஏது? இரவில் சான்று கேட்டவன் காலையில் சான்று கேட்காமலிருப்பதற்குச் சோம்பல் காரணமில்லை. அங்கே வழக்கே இல்லை என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது.

இந்த நிலையைப் பார்த்து வழக்கமாக இரண்டு பேச்சுகள் எழும். பந்துக்குப் பின்னால் போய் இளைஞர்கள் கெட்டுவிட்டார்கள், இலக்கியத்தை மறந்துவிட்டார்கள் என்பது ஒன்று. விளையாட்டும் ஒரு பிரதிதான், அதையே வகுப்பில் வைத்துவிடலாம் என்பது மற்றது. முதற் பேச்சு அந்த விடுதி அறையில் நடப்பது என்ன என்று பார்க்க மறுக்கிறது. இரண்டாவது, கவிதைக்கும் கால்பந்துக்கும் உள்ள வித்தியாசத்தை அழித்துவிட்டுப் பிரச்னை தீர்ந்ததாகக் கைகழுவுகிறது. நம் கேள்வி வேறு. சார்பு உள்ளவனால் நியாயமாகத் தீர்ப்புச் சொல்ல முடியுமா? சார்பே இல்லாதவன் சொல்வதைத் தீர்ப்பு என்று எடுத்துக்கொள்ள முடியுமா?

2

அழகியலில் சார்பின்மைக்கு ஒரு பெரிய பெயர் காவல் நிற்கிறது. 1790-இல் வெளியான தன் மூன்றாவது விமர்சன நூலில், அழகு பற்றிய தீர்ப்பு சுயநலம் கலவாததாக இருக்கவேண்டும் என்றார் கான்ட். எனக்கு வேண்டும், எனக்குப் பயன்படும் என்ற எண்ணம் புகுந்துவிட்டால் அது அழகைப் பற்றிய தீர்ப்பாக இராது. இதில் தப்பில்லை. ஆனால் இது கல்விக்கூடங்களுக்குள் வந்துசேர்ந்தபோது ஒரு சிறு இடமாற்றம் நிகழ்ந்துவிட்டது. நலன் கருதாமை என்பது ஈடுபாடின்மை ஆகிவிட்டது. பொருளைச் சொந்தமாக்கிக்கொள்ளும் ஆசை கூடாது என்பதற்கும், பொருளிடம் எதுவுமே கேட்கக்கூடாது, அது தன்னை ஒன்றும் செய்துவிடக்கூடாது என்பதற்கும் இடையே மலையளவு தூரம். வகுப்பறை அந்தத் தூரத்தைக் கவனிக்கவில்லை. பற்றின்மை என்ற பெயரில் மரத்துப்போதலைக் கற்றுத்தருகிறது.

காஷ்மீரத்தில் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நாட்டிய சாஸ்திரத்துக்கு உரை எழுதிய அபிநவகுப்தர் இந்த இடத்தில் இன்னும் கூர்மையானவர். ரசானுபவத்துக்குத் தடைகள் எவை என்று அவர் கணக்கெடுக்கிறார். தன் சொந்த சுகதுக்கங்களில் மூழ்கிக் கிடப்பது ஒரு தடை. ஆனால் தடஸ்தனாக நிற்பவனுக்கும் ரசம் இல்லை. தடஸ்தன் என்றால் கரையில் நிற்பவன். ஆற்றில் அடித்துச் செல்லப்படுகிறவன் ஆற்றைப் பார்ப்பதில்லை. கரையில் நிற்பவன் நனைவதில்லை. இரண்டுக்கும் நடுவே, நனைந்தபடியே பார்க்கிற ஒருவனை சஹ்ருதயன் என்கிறார்கள்.

இந்தச் சொற்களை வைத்துக்கொண்டு நம் மாணவனைத் திரும்பப் பார்த்தால் விஷயம் தெளிவாகிறது. இரவில் அவன் ஆற்றோடு போகும் அபாயத்தில் இருக்கிறான். காலையில் அவனைக் கரையேற்றித் துவட்டி உட்காரவைத்து விடுகிறார்கள். நடுவில் நிற்கும் பயிற்சியை எந்த மன்றமும் அவனுக்குத் தருவதில்லை. ஆனால் இரண்டில் ஒன்றிலிருந்துதான் அங்கே போகமுடியும் என்றால், இரவிலிருந்து போவது சுலபம். நனைந்தவனுக்குப் பார்க்கக் கற்றுக்கொடுக்கலாம். நனையவே மாட்டேன் என்பவனுக்கு எதைக் கற்றுக்கொடுப்பது?

3

இரண்டு மன்றங்களையும் ஒரே உடம்பில் வைத்திருந்த மாணவன் ஒருவனை நாம் அறிவோம். அல்ஜியர்ஸில் பெல்கூர் என்ற ஏழைப் பகுதி. 1913-இல் பிறந்தவன், மறுவருஷமே அப்பா உலக யுத்தத்தில் இறந்துபோனார். அம்மா வீடுகளில் துப்புரவு வேலை செய்பவள், காது சரியாகக் கேட்காது, எழுதப் படிக்கத் தெரியாது. வீட்டை ஆள்பவள் பாட்டி. பையன் பந்து விளையாடினால் செருப்புத் தேயும். செருப்பு வாங்கக் காசில்லை. எனவே பந்து கூடாது என்பது அவள் சட்டம். மாலையில் வீடு திரும்பியதும் அடித்தோலைத் திருப்பிப் பார்ப்பாள். பள்ளிக்கூடத்தின் சிமெண்ட் தரை பையனைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆல்பெர் காம்யு இறந்து முப்பத்துநான்கு வருஷம் கழித்து, 1994-இல் வெளிவந்த அவருடைய முடிவுறாத நாவலில் இதெல்லாம் இருக்கிறது.

ஆரம்பப் பள்ளி ஆசிரியர் லூயி ஜெர்மேன் பாட்டியிடம் வாதாடி, உதவித்தொகைப் பரீட்சைக்குப் பையனைத் தயார்செய்து, 1924-இல் லிசேயில் சேரவைத்தார். அதன்பிறகு அவன் நாள் இரண்டாகப் பிளந்தது. பெல்கூரில் ஒரு பாஷை, லிசேயில் ஒரு பாஷை. இடையில் மைதானம். பல்கலைக்கழகக் குழுவின் இளையோர் அணியில் கோல்கீப்பர். அந்த அணியின் நீலமும் வெள்ளையும் கலந்த ஜெர்சி கடைசிவரை அவர் மனசை விட்டுப் போகவில்லை. பாரிஸுக்குப் போன பிறகும் அதே நிறத்தில் ஆடிய ராசிங் அணியின் பக்கம் அவர் சாய்ந்ததற்கு நிறமே ஒரு காரணம். இவ்வளவு சின்னக் காரணத்துக்காகவா ஒருவன் ஒரு பக்கம் நிற்பான் என்று கேட்கலாம். பிறந்த ஊர், அம்மா பேசிய மொழி, முதலில் கையில் கிடைத்த புத்தகம் என்று நம் சார்புகள் எல்லாமே இப்படிப்பட்ட தற்செயல்கள்தான். சார்பின் தொடக்கத்துக்கு நியாயம் தேடுவது வீண். அது தொடர்ந்து செய்கிற காரியத்தில்தான் நியாய அநியாயம் இருக்கிறது.

1930-இன் இறுதியில், பதினேழு வயதில், காசநோய். மைதானம் முடிந்தது. அதே வருஷம்தான் லிசேயில் ஜான் க்ரெனியே தத்துவ ஆசிரியராக வந்திருந்தார். வகுப்புக்கு வராத மாணவனைத் தேடி அவர் பெல்கூர் வீட்டுக்கே போனார். க்ரெனியே எழுதிய 'தீவுகள்' 1933-இல் வெளிவந்தது. அந்தச் சிறு புத்தகம் தன் இருபதாம் வயதில் தனக்கு என்ன செய்தது என்பதை 1959-இல் அதன் மறுபதிப்புக்கு எழுதிய முன்னுரையில் காம்யு சொல்லியிருக்கிறார். முழுக்க முழுக்க ஒரு ரசிகனின் குரல் அது. நாற்பத்தைந்து வயதில், நோபல் பரிசு வாங்கிய பிறகு, தன் ஆசிரியரின் புத்தகத்துக்கு முன்னால் வெட்கமில்லாமல் ரசிகனாக நிற்கிறார். இலக்கிய வகுப்பில் சார்பு பிறக்கலாம் என்பதற்கு இது சாட்சி.

இந்தக் கதையில் நமக்கு அதிகம் வேண்டியது 1938-இல் நடந்தது. காம்யு தன் முதல் நாவலான 'இன்ப மரண'த்தின் கையெழுத்துப் பிரதியை க்ரெனியேயிடம் படிக்கக் கொடுத்தார். க்ரெனியேக்கு அது பிடிக்கவில்லை; அதை மறைக்கவும் இல்லை. எழுதுவதைத் தொடரத்தான் வேண்டுமா என்று மாணவன் ஆசிரியரிடமே கேட்டுக் கடிதம் எழுத நேர்ந்தது. அந்த நாவலை அவர் பிரசுரிக்கவில்லை. அவர் இறந்து பதினொரு ஆண்டுகளுக்குப் பிறகு, 1971-இல்தான் அது அச்சேறியது. 1942-இல் வந்தது 'அந்நியன்'.

இங்கே நடந்ததை நிதானமாகப் பார்க்க வேண்டும். ஆசிரியர் மாணவனை நேசித்தார். அவன் நாவல் தோற்றுவிட்டது என்றும் சொன்னார். மாணவன் ஆசிரியரை நேசித்தான். அவர் தீர்ப்பின் வலியை ஏற்றுக்கொண்டான். இருவரில் ஒருவர் தடஸ்தராக இருந்திருந்தாலும் இது நடந்திராது. நேசம் இல்லாத ஆசிரியர் நயமாக இரண்டு வாக்கியம் எழுதித் திருப்பி அனுப்பியிருப்பார். நேசம் இல்லாத மாணவன் தோளைக் குலுக்கிக்கொண்டு வேறு ஆளிடம் போயிருப்பான். தன் பக்கத்து ஆள் தோற்றதைத் தன் பக்கத்து ஆளிடமே சொல்லவும் அதைக் கேட்கவும் முடிகிற இடத்தில்தான் ரசனை நியாயமாகிறது.

4

சார்பு எவ்வளவு கொடூரமாகப் போகக்கூடும் என்பதையும் மறைக்கக்கூடாது. 1980 ஆகஸ்ட் 16 அன்று கல்கத்தா ஈடன் கார்டன்ஸில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் ஆடிக்கொண்டிருந்தபோது காலரியில் மூண்ட கலவரத்தில், நெரிசலில், 16 பேர் செத்தார்கள். ஆட்டம் பார்க்க வந்தவர்கள் அவர்கள். சார்பு அன்பாக இருக்கும் வரையில் அதன் எல்லை தெரிவதில்லை. எதிரி என்ற சொல் வந்து சேர்ந்ததும் அது வேறொன்றாகி விடுகிறது.

ரத்தம் சிந்தாத கொடூரமும் உண்டு. 1950 ஜூலை 16, ரியோவின் மரக்கானா மைதானம். ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர். ட்ரா செய்தாலே பிரேசிலுக்குக் கோப்பை. உருகுவே 2–1 என்று ஜெயித்தது. இரண்டாவது கோலில், பந்தை உள்ளே தூக்கிப் போடுவான் என்று எதிர்பார்த்து கோல்கீப்பர் பர்போசா ஓரடி நகர்ந்தார். கிஜ்ஜியா நேரே கம்பத்தோரமாக அடித்துவிட்டான். அந்த ஓரடிக்காக ஒரு தேசம் ஒரு மனிதனை 2000-இல் அவர் சாகும்வரை மன்னிக்கவில்லை. பழியில் பங்கு பெற்ற மற்ற இருவரும் அவரைப்போலவே கறுப்பு நிறத்தவர்கள் என்பது தற்செயல் இல்லை. தோல்வியை ஏற்க முடியாத சார்பு ஒரு ஆளைத் தேடுகிறது. தேடும்போது ஏற்கெனவே தனக்குள் இருக்கிற வெறுப்புகளின் வழியாகத்தான் போகிறது.

இதன் பக்கத்தில் இன்னொரு கோல்கீப்பரை வைக்கவேண்டும். 1957 அக்டோபரில் காம்யுவுக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. அதே மாதம் பாரிஸில் ஒரு ஆட்டம் பார்க்கப் போயிருந்தவரைக் காலரியிலேயே படக்கருவி பிடித்துக்கொண்டது. அவர் ஆதரித்த ராசிங் அணியின் கோல்கீப்பர் தடுமாறி ஒரு கோலை விட்டுவிட்டிருந்தார். அவரைக் குறைசொல்லாதீர்கள், கம்பங்களுக்கு நடுவே நின்றால்தான் அந்தக் கஷ்டம் தெரியும் என்கிற பொருளில் பேசினார் காம்யு. கோல் விழவில்லை என்று அவர் சொல்லவில்லை, நடுவரைத் திட்டவில்லை. விழுந்தது விழுந்ததுதான். ஆனால் விழவிட்டவன் மனிதன். உண்மையை ஒப்புக்கொள்வதும் ஆளைக் காப்பாற்றுவதும் ஒரே வாக்கியத்தில் முடிகிறது. மரக்கானாவின் லட்சங்களுக்கு இல்லாதது எது என்றால், அந்தக் கம்பங்களுக்கு நடுவே ஒருமுறையாவது நின்ற ஞாபகம்.

சார்பின் மூன்றாவது நோய் பொய். 1986 ஜூன் 22, மெக்ஸிகோ நகரம். மரடோனாவின் முதல் கோல் கையால் போனது. நான்கு நிமிஷம் கழித்து அவர் போட்ட இரண்டாவது கோலுக்கு ஈடாக இன்னொன்றைக் காட்டுவது கஷ்டம். ஒரே மனிதன், ஒரே மத்தியானம். அர்ஜென்டினாவின் ரசிகனுக்கு இங்கே ஒரு நேர்மையான வழி திறந்திருந்தது: முதலாவது திருட்டு, இரண்டாவது சிருஷ்டி, இரண்டும் என் ஆளுடையவை என்று சொல்லிவிடலாம். பெரும்பாலோர் அதைச் சொல்லவில்லை. திருட்டையும் சிருஷ்டியாக்கினார்கள், அதற்கு ஃபாக்லண்ட் யுத்தத்தைச் சாட்சிக்கு அழைத்தார்கள். எதிர்த்தரப்பு இன்னொரு பொய்யைச் செய்தது. திருட்டைச் சொல்லிச் சொல்லிச் சிருஷ்டியைச் சிறிதாக்கியது. 2018 உலகக் கோப்பையிலிருந்து வீடியோ பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் ஏற்பாடு வந்துவிட்டது. அப்படியொரு கோல் இனி நிற்காது. ஆனால் ரசிகனின் மனசுக்குள் வீடியோ வைக்க முடியாது. அங்கே பழைய நடுவர்தான் இன்னும் ஊதிக்கொண்டிருக்கிறார்.

5

காலரி இவ்வளவுதான் என்றால் மாணவனைக் காலையில் கரையேற்றுவதே மேல் என்று சொல்லிவிடலாம். ஆனால் காலரிக்கு இன்னொரு முகம் உண்டு.

2005 நவம்பர் 19. மாட்ரிட் நகரில் ரியல் மாட்ரிட் அணியின் சொந்த மைதானம். எதிரி பார்சிலோனா. ரொனால்டின்யோ இரண்டு கோல் போட்டார். பார்சிலோனா 3–0 என்று ஜெயித்தது. மாட்ரிட் ரசிகர்களில் பலர் எழுந்து நின்று அவருக்குக் கைதட்டினார்கள். நமக்குப் பக்கத்திலேயே, கிரிக்கெட்டில், 1999 ஜனவரி 31 அன்று சேப்பாக்கத்தில் டெண்டுல்கரின் 136 வீணாகி, பாகிஸ்தான் 12 ரன்னில் ஜெயித்தபோது மைதானம் எழுந்து நின்றது. ஜெயித்தவர்கள் அந்தக் கைதட்டலுக்கு நடுவே மைதானத்தைச் சுற்றி வந்தார்கள். கார்கில் யுத்தத்துக்குச் சில மாதங்கள் முன்பு.

அந்தக் கைதட்டலின் மதிப்பு எங்கிருந்து வருகிறது? மூன்றாம் நாட்டுக்காரன் ஒருவன் அங்கே உட்கார்ந்து தட்டியிருந்தால் அது நல்ல ரசனை, அவ்வளவுதான். அவனுக்கு அதில் செலவு எதுவும் இல்லை. சேப்பாக்கத்தில் தட்டியவன் தோற்றவன். அவன் கை தட்டும்போது அவனுக்கு வலிக்கிறது. வலித்தும் தட்டுகிறான் என்பதால்தான் எதிரில் இருப்பவன் உண்மையிலேயே நன்றாக ஆடினான் என்பதற்கு அது சாட்சியாகிறது. சார்பு உள்ளவனின் ஒப்புதலுக்குத்தான் சாட்சி மதிப்பு. சார்பே இல்லாதவனின் பாராட்டு இலவசம். இலவசமாகக் கிடைப்பதை யாரும் பத்திரப்படுத்துவதில்லை. வகுப்பறையில் விடைத்தாள் விடைத்தாளாகச் சங்கக் கவிதைக்குக் கிடைக்கிற பாராட்டு இப்படிப்பட்டது. இரண்டாயிரம் வருஷமாக நிற்கும் பாட்டுக்கு அதனால் நஷ்டமில்லை, எழுதுகிறவனுக்குத்தான்.

இங்கு ஒரு ஆட்சேபம் வரும். கால்பந்தில் ஸ்கோர் இருக்கிறது, தோல்வி கண்ணுக்குத் தெரிகிறது. இலக்கியத்தில் யார் தோற்றார் என்று எப்படிச் சொல்வது? ஆட்சேபம் நியாயமானதுபோல் தோன்றினாலும் ரசிகனைச் சரியாகப் பார்க்கவில்லை. 1954-இன் ஹங்கேரி, 1974-இன் ஹாலந்து, 1982-இன் பிரேசில், மூன்றுமே கோப்பை வாங்காமல் வீடு திரும்பிய அணிகள். 1982 ஜூலை 5 அன்று பார்சிலோனாவில் இத்தாலியிடம் 3–2 என்று பிரேசில் தோற்றது. அன்று ஜெயித்த இத்தாலிதான் அந்த வருஷக் கோப்பையையும் வாங்கியது. ஆனால் பந்து ஆட்டம் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் திரும்பத் திரும்பப் போவது அந்த பிரேசிலிடம். ஸ்கோரும் தெரிகிறது, ஆட்டமும் தெரிகிறது; ஒன்றை வைத்து மற்றதை மறைப்பதில்லை. விருது, விற்பனை, பாடத்திட்டம் என்று இலக்கியத்துக்கும் ஸ்கோர்போர்டுகள் உண்டு. அவற்றைத் தாண்டிப் பார்க்கத் தெரிந்த இலக்கிய மாணவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால், அதே மாணவர்களில் கால்பந்தின் ஸ்கோர்போர்டைத் தாண்டிப் பார்க்கத் தெரிந்தவர்களைவிடக் குறைவு என்றுதான் தோன்றுகிறது.

6

இதைப் படிக்கிற நாம் வகுப்பறையில் இல்லை. பேராசிரியர்களின் நயம் பாராட்டலைக் கேலி செய்து தொடங்கியவைதாம் சிறுபத்திரிகைகள். சார்பு நமக்குத் தாராளமாகவே இருக்கிறது. இரவு அறையின் மாணவனைப்போல நமக்கும் தூக்கம் கெடுகிறது. ஒரு கவிதைத் தொகுப்புக்காக நட்பு முறிந்த கதைகள் நம் வட்டத்தில் சகஜம். எனவே கரையில் நிற்கும் நோய் நம்முடையதில்லை. நம்முடையது மற்ற நோய். இந்தக் குழுவின் ஆள் எழுதியதால் கவிதை, அந்தக் குழுவின் ஆள் எழுதியதால் வெற்று வார்த்தை. நம் ஆள் கையால் போட்ட கோலுக்குத் தத்துவ விளக்கம் தருகிறோம். அவர்கள் ஆள் ஐந்து பேரைக் கடந்து போட்ட கோலைப் பற்றி மௌனம் சாதிக்கிறோம். மௌனம் நம் வட்டாரத்தின் மிகப் பழைய ஆயுதம். அது ரத்தமும் சிந்தாது, சான்றும் விடாது.

ஒரு பத்திரிகையின் நேர்மையை அளக்க அதன் கொள்கை அறிக்கையைப் படிக்கத் தேவையில்லை. தான் எதிர்க்கிற தரப்பிலிருந்து வந்த ஒரு நல்ல கவிதையை, பெயர் சொல்லி, காரணம் சொல்லி, எப்போது கடைசியாகப் பாராட்டியது என்று பார்த்தால் போதும். தன் தரப்பின் முக்கியமான ஆள் எழுதிய மோசமான புத்தகத்தை மோசம் என்று எப்போது சொன்னது என்றும் பார்க்கலாம். இரண்டுக்கும் பதில் இருந்தால் அங்கே விமர்சனம் நடக்கிறது. இல்லையென்றால் அது இன்னொரு காலரி. தரப்பை விட்டுவிட வேண்டும் என்பதில்லை. தரப்பை விட்டுவிட்டு வருகிறவனின் பாராட்டுக்கு மதிப்பில்லை என்பதைத்தான் மேலே பார்த்தோம். ஜெர்சியைக் கழற்றாமலே எழுந்து நின்று தட்ட முடியவேண்டும்.

இது குணம் சம்பந்தப்பட்டது, அழகியல் சம்பந்தப்பட்டதில்லை என்று ஒருவர் சொல்லக்கூடும். இரண்டையும் பிரிக்கும் கோடு எனக்குத் தெரியவில்லை. ஒரு வரி நன்றாக இருக்கிறது என்று உணர்ந்த அதே கணத்தில், எழுதியவன் யார் என்று பார்த்து உணர்ந்ததை விழுங்கிவிடுகிற ஒருவனுக்கு, நாளடைவில் உணர்வதே நின்றுபோகும். பொய் முதலில் வாயில் இருக்கிறது, பிறகு காதுக்குப் போய்விடுகிறது. மாணவனுக்கு வகுப்பறை செய்வதை நமக்கு நாமே செய்துகொள்கிறோம். அவன் ஈடுபாடில்லாமல் செவிடாகிறான், நாம் ஈடுபாட்டினால்.

7

வகுப்பறைக்கு ஒரு சிறு யோசனை. திட்டங்களை மாற்றவேண்டியதில்லை, நூல்களை மாற்றவேண்டியதில்லை. பாடத்தில் உள்ள இரண்டு கவிதைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இவற்றில் எது உன்னுடையது என்று கேட்கவேண்டும். ஆசிரியர் முதலில் தன்னுடையது எது என்று சொல்லவேண்டும். க்ரெனியேபோல முகத்துக்கு நேரே சொல்லவேண்டும். மாணவன் எதிர்ப்பக்கம் போனால் போகட்டும். பிறகு இருவரும் கவிதையை நிறுத்தி நிறுத்தி, வரி வரியாக, விரலால் காட்டித் தர்க்கம் செய்யட்டும். அவர்களுக்கு அந்த வித்தை இரவிலிருந்தே பழக்கம்.

பரீட்சையில் ஒரு கேள்வி சேர்க்கலாம். உனக்கு மிகவும் பிடித்த கவிஞனின் கவிதைகளில் தோற்றுப்போனது எது? எந்த வரியில் தோற்றது? இதற்கு நோட்ஸ் தயாரிக்க முடியாது. பிடித்த கவிஞன் ஒருவன் இருந்தாகவேண்டும், அவனிடம் மனம் கசந்த ஒரு தருணமும் இருந்தாகவேண்டும். விடைத்தாள்கள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. திருத்துகிறவருக்கு நேரம் பிடிக்கும். அவரும் அந்தக் கவிதைகளைத் திரும்ப எடுத்துப் படித்தால்தான் மதிப்பெண் போடமுடியும். சில மாணவர்கள் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிடுவார்கள். விட்டால் விடட்டும். மூன்று வருஷம் இலக்கியம் படித்தும் தங்களுக்கென்று ஒரு கவிஞன் அமையவில்லை என்பதை அவர்கள் முதல்முறையாகத் தங்கள் கையாலேயே எழுதிக் கொடுத்ததாக ஆகும். உவமை நயம் பற்றிய ஐந்து மார்க் விடையைவிட அது உண்மை.